பாஸ் அடித்தால் ஹெட்லைட் மங்கியது: கோளாறு எர்த்தில்

காரில் ஆம்ப்ளிஃபயரும் (ஆம்ப்) சப்வூஃபரும், அதாவது பாஸ் எனும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரும், போட்டதிலிருந்து ஒரே தொல்லை. சத்தத்தைக் கூட்டினால் ஒவ்வொரு பாஸுக்கும் ஹெட்லைட் மங்கும், கொஞ்ச நேரத்தில் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ளும் புரொடெக்ட் லைட்டைக் காட்டிவிட்டு அணைந்துவிடும்.

பேட்டரியை மாற்றினேன், பலனில்லை. அப்புறம் மின்சாரத்தைச் சேமித்துச் சட்டென்று தரும் கெபாசிட்டர் போட்டேன், மங்குவது சற்றே குறைந்தது, அணைவது நிற்கவில்லை. அடுத்து பெரிய ஆல்டர்னேட்டர்தான் (எஞ்சினில் ஓடி மின்சாரம் தருவது) என்றார்கள். அதற்குச் செலவழிக்கும் முன் மீட்டரை எடுத்தேன். பாட்டு ஏறி இறங்குவதால் மீட்டர் நிலையாகக் காட்டாது, அதனால் 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு அளந்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட், ஆம்ப் முனையில் 11.2. ஆக ஆல்டர்னேட்டர் மேல் தப்பில்லை, வோல்டேஜ் வழியில்தான் போகிறது.

பாசிட்டிவ் வயரில் இழப்பு 0.4 மட்டும். கரண்ட் கார் பாடி வழியாகத்தான் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும், அந்த இணைப்புதான் எர்த். பேட்டரி நெகட்டிவுக்கும் பக்கத்திலிருக்கும் பாடிக்கும் நடுவே 1.9! இதே இடத்தை ஓம் மீட்டரில் பார்த்தபோது பூஜ்யம்தான் காட்டியது, 0.03 ஓம் எல்லாம் சாதாரண மீட்டருக்குத் தெரியாது, 60 ஆம்பியர் ஓடினால்தான் தெரியும். ஹெட்லைட்டுக்கும் அதே எர்த் என்பதால் அதுவும் மங்கியிருக்கிறது.

எர்த் வயரைப் பாடியில் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றினால் அடியில் பெயின்ட். வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, கம்பெனியின் மெல்லிய வயரோடு 1/0 கேஜ் தடித்த செம்பு கேபிள் ஒன்றையும் சேர்த்து இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். (செம்பு பூசிய அலுமினிய கேபிள் வேண்டாம், அதே தடிமனில் மின்தடை அதிகம்.) எஞ்சினிலிருந்து பாடிக்கும் ஒன்று போட்டேன். இப்போது அங்கே இழப்பு 0.1 வோல்ட், ஆம்ப் அணைவதே இல்லை.