நீள முகவரிக்குப் பதில் ஊர்ப்பெயர்: வேர்டில் லிங்க் ஒட்டுவது எப்படி?

காரைக்குடியில் சின்னதாக ஒரு டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஓர் ஆச்சி வந்தார். மலேசியாவிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்களாம். நகரத்தாருக்குரிய ஒன்பது கோயில்களையும் பார்க்க வேண்டுமாம். “ஒவ்வொண்ணுக்கும் மேப்பு போட்டு ஒரு தாள் அடிச்சுக் குடு தம்பி, வாட்ஸ்அப்பில அனுப்பிக்கிறேன்” என்றார். மகன் ஏற்கெனவே செய்து பார்த்த ஃபைலையும் காட்டினார். இரண்டு பக்கம் முழுக்க நீலத்தில் அடிக்கோடு போட்ட முகவரிகள். எது இளையாற்றங்குடி, எது சூரக்குடி என்று ஒன்றும் விளங்கவில்லை.

பிரவுசரின் முகவரிப் பட்டையிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டினால் இப்படித்தான் ஆகும். தமிழ்ப் பக்கம் என்றால் இன்னும் மோசம். விக்கிப்பீடியாவில் ‘காரைக்குடி’ பக்கத்தின் முகவரியை எடுத்து ஒட்டிப் பாருங்கள். ஐந்தெழுத்து ஊர்ப்பெயர் சதவீதக் குறியும் எண்ணுமாக 90 குறிகளுக்கு நீண்டுவிடும். கணினிக்கு ‘கா’ என்பது க, துணைக்கால் என இரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் 9 குறிகள்.

அந்த வாலை மறைத்துவிட்டு, ‘இரணிக்கோயில்’ என்ற பெயர் மட்டும் தெரிய வேண்டும், அதைத் தொட்டால் மேப் திறக்க வேண்டும். அதற்கான வழி இது.

முதலில் முகவரியை எடுங்கள். கூகுள் மேப்பில் கோயிலைத் திறந்து, ‘ஷேர்’ போய் ‘காப்பி லிங்க்’ கொடுங்கள். இடத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகு எடுங்கள். ‘மாத்தூர்’ என்று தேடினால் தொட்டிப்பாலம் இருக்கிற குமரி மாவட்டத்து மாத்தூரும் வரும். நமக்கு வேண்டியது காரைக்குடி பக்கத்து மாத்தூர்.

அடுத்து வேர்டில் கோயில் பெயரைத் தட்டச்சு செய்து, அந்தப் பெயரை மட்டும் செலக்ட் செய்யுங்கள். கன்ட்ரோல் விசையோடு கே-யை அழுத்துங்கள். (மெனு வழியாகப் போவதென்றால் ‘இன்சர்ட்’, அப்புறம் ‘லிங்க்’.) ஒரு பெட்டி திறக்கும். மேலே ‘டெக்ஸ்ட் டு டிஸ்ப்ளே’ என்ற கட்டத்தில் நீங்கள் செலக்ட் செய்த பெயர் இருக்கும். கீழே ‘அட்ரஸ்’ கட்டம் காலியாக இருக்கும். அங்கே கன்ட்ரோல் வி கொடுத்து முகவரியை ஒட்டி, ஓகே கொடுங்கள். அவ்வளவுதான், பெயர் நீலமாகி அடிக்கோடு விழுந்துவிடும். கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தால் மேப் திறக்கும்.

கூகுள் டாக்ஸிலும் லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் இதே கன்ட்ரோல் கே-தான். பெட்டியின் தோற்றம் மட்டும் மாறும். மைக்ரோசாஃப்ட் 365-இன் புதிய வேர்டில் பெட்டிகூடத் தேவையில்லை: பெயரை செலக்ட் செய்து, அதன்மேலேயே முகவரியை ஒட்டினால் லிங்க் ஆகிவிடும். பழைய வேர்டில் இதைச் செய்தால் பெயர் அழிந்து முகவரி உட்கார்ந்துகொள்ளும். பதற வேண்டாம், கன்ட்ரோல் இசட் இருக்கிறது.

பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடிப்பவர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் தொழிலில் இன்னும் பலர் அதில்தான் அடிக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் ‘டெக்ஸ்ட் டு டிஸ்ப்ளே’ கட்டத்தில் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். ஏதோ கெட்டுவிட்டது என்று அதை அழித்துவிடாதீர்கள். மேல் கட்டத்தைத் தொடாமல் முகவரியை மட்டும் ஒட்டி ஓகே கொடுத்தால், தாளில் பெயர் சரியாகவே நிற்கும்.

சரி, நான் சொதப்பிய கதைக்கு வருகிறேன். ஒன்பதுக்கும் தனித்தனியாக எதற்கு என்று, பிள்ளையார்பட்டி வரியை ஒன்றுக்கு எட்டாகக் காப்பி அடித்துப் பெயர்களை மட்டும் மாற்றினேன். முகவரிகளை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எட்டில் ஏழைத்தான் மாற்றியிருக்கிறேன். வைரவன்பட்டி என்று எழுதியிருந்ததைத் தொட்டால் போய் நின்ற இடம் பிள்ளையார்பட்டி. பேரன் பிள்ளையார்பட்டியிலிருந்தே ஆச்சிக்குப் போன் போட்டு, “இங்கதான் காலையிலயே வந்தோமே” என்றிருக்கிறான். நல்லவேளை, இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்.

கண்ணுக்குத் தெரிகிற பெயரும் அடியில் இருக்கிற முகவரியும் வேறு வேறு. பெயரை மாற்றினால் முகவரி தானாக மாறாது. மாற்ற, பெயர்மேல் ரைட் கிளிக் செய்து ‘எடிட் ஹைப்பர்லிங்க்’ போங்கள் (சில பதிப்புகளில் ‘எடிட் லிங்க்’). மவுஸ் அம்பைப் பெயர்மேல் நிறுத்தினாலே முகவரி குட்டியாகத் தெரியும். ஆனாலும் அனுப்புவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் என் இப்போதைய வழக்கம்.

இன்னொன்று, ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்று ஒன்பது தடவை போடாதீர்கள். எந்த ‘இங்கே’ எந்த ஊர் என்று படிப்பவர் தேட வேண்டியிருக்கும். ஊர்ப்பெயரையே லிங்க் ஆக்குங்கள்.

பிடிஎஃப் ஆக்கும்போது ‘சேவ் ஆஸ்’ போய் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுங்கள். ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ கொடுத்தால் நீல எழுத்து அப்படியே இருக்கும், தொட்டால் எதுவும் திறக்காது. காகிதத்தில் அடித்தாலும் அதே கதிதான். ஆச்சிக்குக் கைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு பிரதி வேண்டுமாம். அதில் மட்டும் ஒவ்வொரு பெயருக்கும் கீழே, மேப் ‘ஷேர்’ கொடுத்த குட்டி முகவரியைச் சின்ன எழுத்தில் அடித்துக் கொடுத்தேன்.