இரண்டு முறை மூடப்பட்ட டிக்கெட்டைச் சரிசெய்த விதம்

"தேதி தப்பாக வருகிறது, அவசரம்." பில் போடும் மென்பொருளைப் பற்றிய இந்த ஒற்றை வரி டிக்கெட் (பிழைப் புகார்) 'இங்கே சரியாகத்தான் வருகிறது' என்று இரண்டு தடவை மூடப்பட்டது. மூடியவரைக் குறை சொல்ல முடியாது. ஓட்டிப் பார்க்க அதில் எதுவுமே இல்லை.

முதலில் தலைப்பை மாற்றினேன்: "நியூயார்க் நேர மண்டலத்தில் பில் தேதி ஒரு நாள் முந்தித் தெரிகிறது." பிறகு படிகள். கணினியின் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி, பிரவுசரை மூடித் திறக்கவும். புது பில்லில் 2024-03-01 என்று கொடுத்துச் சேமிக்கவும். எதிர்பார்த்தது மார்ச் 1. வந்தது பிப்ரவரி 29. நேர மண்டலம் என்ற அந்த ஒரு விவரம்தான் இத்தனை நாளும் விடுபட்டிருந்தது.

எந்தப் பதிப்பிலிருந்து கெட்டது என்பதையும் எழுதினேன். நன்றாக ஓடிய பதிப்புக்கும் கெட்டதற்கும் இடையே சுமார் 200 கமிட், அதாவது பதிவு செய்த கோட் மாற்றங்கள். கெட்ட மாற்றத்தைத் தேடித்தரும் கிட் பைசெக்ட் கட்டளையை ஓட்டினால், அந்த வரிசையைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும். எட்டு சோதனையில் குற்றவாளி கமிட் சிக்கிவிடும்.

காரணத்தை 'என் ஊகம்' என்று தனியாகப் பிரித்து வைத்தேன்: நேரம் இல்லாத இந்த வடிவத் தேதியை ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் நிரல் மொழி) யூடிசி எனும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது, நியூயார்க்கில் அது முந்தைய நாள் மாலை 7 மணி. ஊகத்தை நேரில் கண்டதோடு கலந்து எழுதினால், படிப்பவர் தவறான இடத்தில் தோண்டுவார்.

லாகை (மென்பொருள் எழுதிவைக்கும் பதிவை) படமாக ஒட்ட வேண்டாம், எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்துக்குள் தேட முடியாது. ஒட்டுவதற்கு முன் டோக்கன் (பாஸ்வேர்டு போன்ற ரகசியச் சாவி), பாஸ்வேர்டை அழித்துவிடுங்கள். 'அவசரம்' என்ற சொல்லையும் சேர்த்து.