விட்ட தூரிகையை மறுபடி எடுக்கும்போது செய்யக்கூடாதவை

வடசென்னை ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து டிராயிங் ஃபைல் கீழே இறங்க 19 வருஷம் ஆனது. அரசு நடத்தும் லோயர், ஹையர் இரண்டு டிராயிங் பரீட்சையும் எழுதித் தேறியவள் நான். கல்யாணம், பிள்ளைகள், மாமியாரின் உடம்பு என்று நாள் போனதில், பென்சில் சீவியதெல்லாம் பிள்ளைகளின் கணக்கு நோட்டுக்காகத்தான். மறுபடி வரைய ஆரம்பித்த பிறகு என்னைப் போலவே திரும்பி வந்த சிலரோடு பழகினேன். அவர்களில் பாதியில் நின்றுபோனவர்கள் யாரும் கை வராமல் நிற்கவில்லை. தெம்பைத் தப்பான இடத்தில் தேடி, மனசு விட்டுப்போய் நின்றார்கள்.

எல்லோரும் முதலில் செய்கிற தவறு, பழைய சாமானை வைத்துத் தன் கையைச் சோதிப்பது. வாட்டர் கலர் தாளில் நீர் சட்டென்று இறங்காமல் இருக்க ஒரு வகைப் பசை ஏற்றியிருப்பார்கள். கடற்காற்றும் புழுக்கமும் உள்ள நம் பக்கத்து வீடுகளில் பல வருஷம் கிடந்தால் அந்தப் பசை செத்துவிடும். பிறகு தூரிகை பட்ட இடமெல்லாம் பிளாட்டிங் பேப்பர் மாதிரி திட்டுத்திட்டாக உறிஞ்சும். நானும் அப்படி மூன்று தாளைக் கெடுத்துவிட்டு, கை போய்விட்டது என்று அன்று ராத்திரி அழுதேன். போனது தாள். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சொட்டு நின்றால் தாள் நல்ல தாள். உடனே உள்ளே போனால் அதைப் பென்சிலுக்கும் கரிக்கும் ஒதுக்கிவிடுங்கள். காய்ந்த போஸ்டர் கலர் பெரும்பாலும் தண்ணீர் விட்டால் இளகும். பூசணம் பிடித்திருந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள். காய்ந்த அக்ரிலிக் இளகவே இளகாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இதற்கு நேர் எதிராக, கடைக்குப் போய்ப் பெரிய கலர் செட்டாக வாங்கி வருகிறவர்களும் உண்டு. விலையை நினைத்தே அந்தத் தாளில் கை வைக்கப் பயம் வரும். கறுப்பாக, மெத்தென்று எழுதும் ஒரு 4பி பென்சில், சாதாரண ஸ்கெட்ச் புக் போதும்.

அடுத்தது, இருபது வயதில் போட்ட படத்தை எதிரே வைத்துக்கொண்டு அதே கோட்டை இழுக்கப் பார்ப்பது. அந்தக் கோடு திரும்ப வராது, வரவும் வேண்டியதில்லை. பால் க்ளே என்ற ஓவியருக்கு 1935-ல் தோல் இறுகிப்போகும் நோய் வந்தது. 1936-ல் அவர் செய்த படங்கள் 25 அளவுதான். பிறகு பழைய மெல்லிய கோட்டை விட்டுவிட்டுத் தடித்த கறுப்புக் கோட்டுக்கு வந்தார். 1939-ல் மட்டும் 1,200-க்கு மேல் செய்தார். நம் கையும் மாறித்தான் இருக்கும். இப்போது இருக்கிற கைக்கு எந்தக் கோடு வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் மாத வேலை. பரீட்சைக்குப் போட்ட மாடல் டிராயிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: குடம், பெட்டி, கவிழ்த்து வைத்த சொம்பு.

இனி, எனக்கு மிகவும் வலித்த விஷயம். முதல் படத்தை முடித்த சூட்டோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். "சூப்பர்", கட்டைவிரல், பூங்கொத்து எல்லாம் வந்தன. மறுநாள் அது மறைந்தது, அதோடு என் உற்சாகமும் போனது. வீட்டுக்காரரிடம் "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் மேல் குறை இல்லை. அந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்? "இந்தக் குடம் தரையில உக்காந்திருக்கா, மிதக்குதா?" என்று கேட்டுப் பாருங்கள். வரையத் தெரியாதவரும் உற்றுப் பார்த்துப் பதில் சொல்வார். அவர் உற்றுப் பார்த்தாரே, அதுவே நமக்குப் பெரிய தெம்பு.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அக்காவை அவர் கூடையோடு வரைந்தேன். வாங்கிப் பார்த்தவர், "இன்னாமா, என் மூக்கு இப்டியா கீது? நாளைக்கு வா, நல்லா பாத்து வரை" என்றார். அத்தனை பூங்கொத்தும் தராததை அந்த "நாளைக்கு வா" தந்தது. பாராட்டு வந்தால் படம் முடிந்துபோகிறது. ஒருவர் எதிர்பார்த்துக் காத்திருந்தால்தான் அடுத்த படம் பிறக்கிறது. அதனால் புகழ்கிறவரைத் தேடாதீர்கள், காத்திருக்கிறவர் ஒருவரைத் தேடுங்கள்.

கை சூடேறுவதற்குள் ஆர்டர் வாங்குவதும் வேண்டாம். "எங்க அப்பா போட்டோ தரேன், வரைஞ்சு தாயேன்" என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள், பிரியமாகத்தான் கேட்பார்கள். முகச்சாயல் கொஞ்சம் தப்பினாலும் இரண்டு பேருக்கும் சங்கடம். ஆறு மாதம் கழித்துத் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

தனி அறையும் ஓய்வு நாளும் வரட்டும் என்று காத்திருந்தால் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்து ஒண்டிக்குடித்தனங்களில் யாரும் எதையும் வரைய முடியாது. நான் ராத்திரி அடுப்பைத் துடைத்த பிறகு, எக்ஸாம் பேடை மடியில் வைத்துக் கால் மணி நேரம் வரைகிறேன். படத்தை முடிக்காமல் பாதியில் விட்டு எழுந்திருப்பேன். மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

எனக்காகக் காத்திருப்பவர் தண்டையார்பேட்டை அண்ணன் ஒருவர். கடைப் பலகை எழுதிப் பிழைத்தவர். ஃப்ளெக்ஸ் வந்து தொழில் போனபின் பத்து வருஷம் தூரிகையைத் தொடாதவர். சனிக்கிழமை காலை ஆறரைக்கு ராயபுரம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருவரும் உட்காருவோம். 1856-ல் திறந்த அந்தக் கட்டடத்தின் தூண் வரிசையை எத்தனை முறை வரைந்தாலும் இடைவெளி எங்காவது தவறும். அவர் என் படத்தை நல்லது, கெட்டது என்று சொன்னதே இல்லை. "இந்த வாரம் எத்தனை பக்கம்?" என்றுதான் கேட்பார். போன வாரம் காய்ச்சல் என்று படுத்துக் கிடந்தேன். போன் வந்தது.

"இன்னா தங்கச்சி, ஏழாவப் போவுது. தூணு காத்துனு கீது."