ஏரிக்கரைக் காட்டேஜைக் குளிர்காலத்துக்குப் பூட்டும் முன்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள மஸ்கோகா ஏரிக்கரையில் கோடைக்கால காட்டேஜ் வைத்திருப்போர், கடுங்குளிர் தொடங்குமுன் குழாய்களிலுள்ள நீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் செம்புக் குழாயும் பிளந்துவிடும்.

முதலில் பம்பையும் வாட்டர் ஹீட்டரையும் அணைக்கவும்; நீரின்றி மின்சார ஹீட்டர் ஓடினால் அதன் காயில் கருகிவிடும். பின்னர், சுடுநீர்க் குழாய்கள் உட்பட அனைத்தையும் திறந்து வைத்துவிட்டு, மிகத் தாழ்வான இடத்திலுள்ள வடிகால் வால்வைத் திறந்தால், மேலிருந்து காற்று புகுந்து நீர் தடையின்றி இறங்கும். ஹீட்டர் தொட்டியையும் கழிப்பறைத் தொட்டியையும் தனியாகக் காலிசெய்ய வேண்டும். குழாய் சற்றே தொய்ந்த இடத்தில் தேங்கும் நீரைக் கம்ப்ரசர் காற்றால் ஊதி வெளியேற்றலாம்.

பலரும் மறப்பது சிங்க்கின் அடியில் நீர் தேங்கி நிற்கும் வளைகுழாயைத்தான். அதிலும் கழிப்பறைக் கோப்பையிலும், புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஊற்றவும். காருக்குரிய எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. அது வேண்டவே வேண்டாம்.