பி.பி.ஏ. துறைக்கு வரலாறும் நோக்கமும் எழுதுவது எப்படி

2024–25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. என்னும் வணிக நிர்வாக இளநிலைப் படிப்பும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதிக்குள் வந்துவிட்டது. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கான அறிக்கை வேலை ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே கலை அறிவியல் கல்லூரிகளில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் யாராவது ஒருவரிடம் இந்த வேலை வந்துசேரும்: "துறை வரலாறு, நோக்கம் ரெண்டையும் ஒரு பக்கத்துல எழுதிக் கொடுங்க சார், நாளைக்கு வேணும்." அவரும் வேறொரு கல்லூரியின் பக்கத்தைப் பார்த்து, 'உலகத் தரம் வாய்ந்த தலைவர்களை உருவாக்குதல்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்.

திருநெல்வேலிப் பக்கம் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இந்த ஒரு பக்கத்தின் மேல் எனக்கு மரியாதை அதிகம். பதினேழு வயதுப் பிள்ளையும் அதன் அப்பாவும் விண்ணப்பம் வாங்கும் முன் படித்துப் பார்ப்பது இதைத்தான். அவர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

முதலில் வரலாற்றை எழுதுங்கள். நோக்கத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

வரலாறு அலுவலக அலமாரியில் இருக்கிறது. படிப்பு தொடங்க அனுமதித்த அரசாணை, பல்கலைக்கழகத்தின் இணைவு ஆணை, கல்லூரி நாட்காட்டி, ஆண்டு மலர், சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். தென் மாவட்டக் கல்லூரியாக இருந்தால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 1966க்கு முன் தொடங்கிய கல்லூரி என்றால் முதலில் சென்னைப் பல்கலைக்கழகம், பிறகு மதுரை, 1990க்குப் பிறகு திருநெல்வேலி, குமரி, தூத்துக்குடிப் பகுதிக் கல்லூரிகளுக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் என்று ஆணைகள் மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கும். அதே போல, 1978இல் பிளஸ் டூ வரும்வரை, பட்டப் படிப்புக்கு முந்தைய புகுமுக வகுப்பு (பி.யூ.சி.) கல்லூரியில்தான் நடந்தது. பழைய பதிவேட்டில் உள்ள அந்த மாணவர்களைப் பட்ட வகுப்புக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

சேர்க்கைப் பதிவேட்டுக்கு மட்டும் ஒரு முழு நாள் கொடுங்கள். தந்தையின் தொழில் என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். அதை ஆண்டு வாரியாகப் படித்துக்கொண்டே போங்கள். எங்கள் பக்கத்தில் முதல் பக்கங்களில் ஜவுளிக்கடை, மளிகை, ரைஸ் மில் என்று வரும். போகப் போக விவசாயக் கூலி, டிரைவர், கொத்தனார் என்று மாறும். அந்தக் கட்டத்தைத் தாண்டித் தாயின் தொழிலை விசாரித்தால் பீடி சுற்றுபவர் என்று தெரியவரும். வியாபாரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒரு வகுப்பு, வியாபாரமே அறியாத வீட்டுப் பிள்ளைகளின் வகுப்பாக மாறிய கதை அந்தக் கட்டத்தில் இருக்கிறது. முதல் பெண் மாணவிகள் எந்த ஆண்டு வந்தார்கள் என்பதையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கட்டடத் திறப்பு விழாவுக்கு ஒரு வரி போதும், இதற்கு ஒரு பத்தி கொடுங்கள்.

வரலாற்றிலிருந்து நோக்கம் எப்படி வருகிறது என்று பார்க்க, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள வார்ட்டன் வணிகப் பள்ளி நல்ல உதாரணம். நிக்கலிலும் எஃகிலும் பணம் சேர்த்த ஜோசப் வார்ட்டன் 1881இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு 1,00,000 டாலர் கொடுத்துத் தொடங்கிய பள்ளி அது. அந்தக் காலத்தில் வியாபாரம் கற்க விரும்பும் இளைஞன் ஏதாவது ஒரு கடையிலோ கணக்கு அலுவலகத்திலோ எடுபிடியாகச் சேர வேண்டும். அது போதாது என்பது அவர் எண்ணம். என்னென்ன கற்பிக்க வேண்டும் என்று அவரே எழுதிக் கொடுத்தார்: கணக்குப்பதிவு, நாணயம், வரி, நிதி நெருக்கடி ஏன் வருகிறது, வேலைநிறுத்தத்தை எப்படித் தவிர்ப்பது, உள்நாட்டுத் தொழிலை இறக்குமதி வரியால் காப்பது ஏன் சரி என்பது வரை. ஆலை முதலாளியின் பார்வை அதில் அப்படியே தெரிகிறது. ஆனாலும் அது தெளிவான நோக்கம், எதைக் கற்பிப்போம் என்று சொல்கிறது. தொடங்கியது இளநிலைப் பட்டத்துக்காகத்தான். எம்.பி.ஏ. வந்தது 1921இல். இன்றும் அங்கே இளநிலை மாணவர் வாங்கும் பட்டத்தின் பெயர் பொருளாதாரத்தில் பி.எஸ்.

அதே பள்ளியில் 1915இல் ஸ்காட் நியரிங் என்ற பொருளாதார ஆசிரியரைப் பல்கலைக்கழக அறங்காவலர்கள் நீக்கினார்கள். குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்து வெளிப்படையாகப் பேசிவந்தவர் அவர். அந்தப் பள்ளியின் வரலாற்றை இதை விட்டுவிட்டு எழுதினால் பாதிதான் எழுதியதாகும். உங்கள் துறையிலும் சங்கடமான ஆண்டுகள் இருக்கும்: சேர்க்கை சரிந்த ஆண்டு, படிப்பு நின்று மறுபடி தொடங்கிய ஆண்டு. சுயநிதிப் பிரிவாகத்தான் தொடங்கியது என்றால் அப்படியே எழுதுங்கள்.

ஆசிரியர் பெயர்களை எழுதும்போது என்ன பாடம், எந்த ஆண்டு என்றும் சேருங்கள். மும்பையில் 1913இல் தொடங்கிய சிடன்ஹாம் வணிகக் கல்லூரியில் அம்பேத்கர் ஆசிரியராக இருந்தார் என்பதோடு நிறுத்துவதைவிட, 1918 முதல் 1920 வரை அரசியல் பொருளாதாரம் கற்பித்தார் என்று சொன்னால் அந்த வகுப்பறை கண்ணில் தெரிகிறது அல்லவா?

சரி, இப்போது நோக்கம். நீங்கள் எழுதிய வரலாற்றை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகள் கேளுங்கள். இங்கே யார் வருகிறார்கள்? மூன்று ஆண்டு கழித்து அவர்களால் என்ன செய்ய முடிய வேண்டும்? எங்கள் பக்கத்துத் துறை ஒன்றுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'முதல் தலைமுறைப் பட்டதாரிகள், படிப்பு முடிவதற்குள் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கைத் தாங்களே எழுதவும், ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்யவும், இருப்புநிலைக் குறிப்பைப் படித்து வீட்டாருக்கு விளக்கவும் தகுதி பெறச் செய்தல்.' இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாடத்திட்டக் குழுவில் கேட்டு வாங்குங்கள், முடியாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். 'சிறந்த', 'முழுமையான', 'உலகளாவிய' ஆகிய மூன்றையும் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதிய பிறகு ஆங்கிலப் பிரதி தயார் செய்யுங்கள். குழுவுக்கு ஆங்கிலம் போகும், பெற்றோருக்குத் தமிழ் வேண்டும். இறுதிப் பிரதியை அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஒருமுறை காட்டுங்கள், ஆண்டுகளில் பிழை இருந்தால் அவர்தான் கண்டுபிடிப்பார். அப்புறம் நீங்கள் பார்த்த ஆணைகளை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, தேதி வாரியாக இரண்டு கோப்புகளில் போட்டு, ஒன்றைத் துறையிலும் ஒன்றை நூலகத்திலும் வையுங்கள்.