தோட்ட ரயிலைப் பிரித்து அடுத்தவர் கையில் ஒப்படைப்பது எப்படி

வீட்டுத் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டும் மாதிரி ரயிலைத்தான் தோட்ட ரயில் என்கிறோம். அதைப் பிரிக்கச் சரியான நேரம், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, வீடு மாற வேண்டியிருக்கிறது என்று முடிவெடுத்த பிறகும் பலர் "அடுத்த கோடையில் பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு குளிர்காலம் யாரும் ஓட்டாமல் கிடந்தால் பாசி படரும், பாயிண்டை (ரயிலைத் தடம் மாற்றிவிடும் தண்டவாளப் பிரிவை) நகர்த்தும் மோட்டாருக்குள் துரு ஏறும், என்ஜினின் கியர் கிரீஸ் இறுகும். அப்போது வாங்க வருகிறவர் கண்ணுக்கு அது ரயிலாகத் தெரியாது, பழைய பித்தளையாகத்தான் தெரியும். எந்தச் சாமான் யார் கைக்குப் போனாலும், கைக்குக் கிடைத்த அந்த வாரமே அவர் அதை ஓட்டிப் பார்க்கும்படி கொடுக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வேலைதான். இங்கிலாந்துத் தோட்டங்களில் பரவலாக உள்ள, இரு தண்டவாளங்களுக்கு இடையே 45 மி.மீ. அகலமுள்ள பாதையை மனதில் வைத்து எழுதியது, 32 மி.மீ. பாதைக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் கணக்கு

ஸ்குரூடிரைவரைத் தொடுவதற்கு முன் ஒரு முழு நாளை ஒதுக்கி எல்லா என்ஜின்களையும் ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் போவதை, விளக்கு எரிவதை, பாயிண்டுகள் மாறுவதைக் கைபேசியில் படம்பிடியுங்கள். பிரித்த பிறகு "இது ஓடுமா?" என்று கேட்பவருக்குக் காட்ட இதைவிட நல்ல சான்று கிடையாது.

அடுத்து பாதையின் வரைபடம். டேப் வைத்து அளந்து, வளைவுகளின் ஆரம், பாயிண்டுகளின் இடம், மின் இணைப்பு தரும் புள்ளிகள், மின்சாரம் பிரிக்கும் இணைப்புகள் எல்லாவற்றையும் குறித்துவைக்க வேண்டும். வாங்குகிறவர் அதே அமைப்பை அப்படியே போடமாட்டார் என்றாலும், ஒரு ஸ்டேஷன் பகுதியை மட்டுமாவது திரும்ப அமைக்க இந்தத் தாள் அவருக்கு உதவும்.

பிறகு பட்டியல். என்ஜின், பெட்டி ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளர் பெயர், மாடல் எண், அட்டைப்பெட்டி உண்டா இல்லையா, செய்த மாற்றங்கள், இப்போதுள்ள கோளாறு. ஸ்கேலையும், அதாவது நிஜ ரயிலில் எத்தனையில் ஒரு பங்கு என்பதையும், கட்டாயம் எழுதுங்கள். பாதை 45 மி.மீ. என்பதால் அதில் ஓடுவதெல்லாம் ஒரே அளவு என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மீட்டர் கேஜ் ரயில்களின் மாதிரி 1:22.5, மூன்று அடி கேஜ் அமெரிக்க ரயில்கள் 1:20.3, அகலமான ஸ்டாண்டர்டு கேஜ் ரயில்கள் 1:29-இலும் 1:32-இலும் வருகின்றன. ஆயிரம் மி.மீட்டரை 22.5-ஆல் வகுத்தால் 44.4 வருகிறது, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மீட்டர் கேஜ் பாதையையும் இந்தத் தண்டவாளத்தில் 1:22.5-இல் காட்டலாம் என்பது நம்மவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி. ஆனால் 1:20.3 என்ஜினுக்குப் பின்னால் 1:32 பெட்டியைக் கோத்தால் பார்க்கச் சகிக்காது. இரண்டையும் ஒரே குவியலாக விற்காதீர்கள்.

தண்டவாளத்தைத் தூக்குதல்

வெயில் ஏறாத, உறையவும் செய்யாத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். குளிரில் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் விறைத்துப்போய், தண்டவாளத்தைப் பிடிக்கும் சின்னக் கொக்கிகள் பொட்டென்று உடையும். உச்சி வெயிலில் பித்தளை நீண்டு இணைப்புகள் இறுகிக்கொள்ளும்: 10 மீட்டர் பாதை 25 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 5 மி.மீ. நீளும். மேகமூட்டமான காலைப்பொழுது உத்தமம்.

முதலில் மின்சாரம். 230 வோல்ட் வயர் தோட்டத்துக்குள் போயிருந்தால் அதைக் கழற்றுவது எலக்ட்ரீஷியன் வேலை; நீங்கள் கைவைக்க வேண்டாம். குறைந்த வோல்ட் வயர்களைத் தண்டவாளத்திலிருந்து வெட்டும்போது 2 செ.மீ. வால் விட்டு வெட்டினால் அடுத்தவர் அதிலேயே பற்றவைத்துக்கொள்ளலாம்.

திருகு கிளாம்ப் போட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். ஆலன் கீயால் திருகைத் தளர்த்தினால் துண்டை நேராக மேலே எடுத்துவிடலாம். கிளாம்ப் இல்லாமல் செருகு இணைப்பு மட்டுமே இருந்தால், பாதையின் நீளவாக்கில் நேராக இழுத்துப் பிரிக்க வேண்டும். ஒரு முனையைத் தூக்கி நெம்பினால் இணைப்புத் தகடு விரிந்துவிடும், கடைசி ஸ்லீப்பரும் உடையும். சேதமான துண்டுகளில் பெரும்பாலானவை இப்படி நெம்பியதால் வீணானவைதான். பல ஆண்டு அழுக்கில் இறுகியிருந்தால் இணைப்பின் மேல் மட்டும் பற்றவைக்கும் இரும்பை அரை நிமிடம் வைத்துச் சூடாக்கி, இருபக்கமும் பிடித்து மெல்ல அசைத்து இழுங்கள்.

ஜல்லியில் சிமென்ட் கலந்து இறுக்கியிருந்தால் வேலை இரட்டிப்பு. உளியை ஸ்லீப்பரின் ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளி வைத்து ஜல்லியை மட்டும் உடைக்க வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் கம்பியை விட்டு நெம்பினால் அது வளைந்துவிடும், வளைந்ததை நிமிர்த்துவது முடியாத காரியம். ஜல்லி ஒட்டிய துண்டைத் தனியாக எடுத்து, அடிப்பக்கம் ரப்பர் சுத்தியலால் தட்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மரப்பலகையில் திருகியிருந்தால் முந்தைய மாலையே துரு நீக்கும் எண்ணெயைத் திருகின் தலையில் ஒரு துளி விட்டுவையுங்கள். அப்படியும் வராத திருகின் தலையைத் துளையிட்டு எடுத்துவிடலாம். ஒரு ஸ்லீப்பரை இழப்பதைவிட ஒரு திருகை இழப்பது மேல்.

ஒன்றை மறக்கவே கூடாது. மின்சாரத்தைப் பிரிக்கும் பிளாஸ்டிக் இணைப்பு உள்ள துண்டுகளை எடுத்த கையோடு சிவப்புப் பெயின்ட் தொட்டு அடையாளமிடுங்கள். மற்றத் துண்டுகளோடு கலந்துவிட்டால் வாங்கியவர் அதைத் தெரியாமல் வட்டத்தின் நடுவில் போடுவார். ரயில் அந்த இடத்தில் நின்றுவிடக்கூடும். பாவம், அவர் என்ஜினைத்தான் சந்தேகப்பட்டுக் கழற்றிப் பார்ப்பார்.

தண்டவாளத்தின் உயரத்தையும் பார்த்துப் பிரிக்க வேண்டும். உயரத்தை 'கோடு' (code) என்ற எண்ணால் குறிப்பார்கள். கோடு 332 என்றால் 0.332 அங்குலம், அதாவது 8.4 மி.மீ.; கோடு 250 என்றால் 6.35 மி.மீ.; 32 மி.மீ. பாதையில் வரும் கோடு 200 சுமார் 5 மி.மீ. இவை தனி இணைப்பில்லாமல் ஒன்றோடொன்று சேராது. கண்ணால் பார்த்து மட்டும் பிரிக்காமல் வெர்னியர் அளவுகோலால் அளந்துவிடுங்கள்.

கழுவ வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ் போதும். தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். உப்புத்தாளால் தேய்த்தால் தண்டவாளத்தில் கீறல் விழுந்து, அந்தக் கீறலில் மறுபடி அழுக்குச் சேரும். சக்கரம் தொடும் மேற்பரப்பை மட்டும் நுண்ணிய தேய்ப்பானால் துடைத்து, பக்கங்களில் உள்ள கருமையை அப்படியே விடுங்கள். அது குறையல்ல, நிஜத் தண்டவாளத்தின் நிறம்தான்.

கட்டும்போது எண்ணிக்கையில் கவனம் வேண்டும். ஆர்1 எனப்படும் வளைவுத் துண்டு 600 மி.மீ. ஆரம், 30 டிகிரி. 12 துண்டு சேர்ந்தால்தான் முழு வட்டம். 11 துண்டாகக் கொடுத்தால் அடுத்தவர் ஒரே ஒரு வளைவுக்காகக் கடை கடையாக அலைவார். பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி, மேலே காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒன்றரை மீட்டர் நீளத் தண்டவாளங்களைப் பிளாஸ்டிக் வடிகால் குழாய்க்குள் விட்டு இருபுறமும் மூடி அனுப்பினால் வளையாமல் போய்ச் சேரும். பித்தளை கனமானது, பெரிய பெட்டியில் நிரப்பி அடி கிழிவதைவிட, ஓர் ஆள் தூக்கும் அளவுக்குச் சின்னப் பெட்டிகள் போடுவது நல்லது.

என்ஜின்கள்

மின் என்ஜின்களில் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தின் ரப்பர் வளையம். இறுகி வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், விலை குறைவுதான். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் சக்கரம் சுற்றவில்லை என்றால் பிளாஸ்டிக் பற்சக்கரம் அச்சில் வெடித்திருக்கும். சரிசெய்ய முடியாவிட்டால் மறைக்காமல் எழுதுங்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. 1968-இல் தொடங்கிய எல்.ஜி.பி. இப்போது மார்க்லினிடம் இருக்கிறது, பெயரும் தொடர்கிறது. அரிஸ்டோ-கிராஃப்ட் 2013-இல் மூடிவிட்டது. ஆகவே பழுதான பழைய என்ஜினைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். யாரோ ஒருவருக்கு அதன் மோட்டாரோ கைப்பிடியோ தேவைப்படும்.

டிகோடர் (கன்ட்ரோலரின் கட்டளையைப் பெற்று என்ஜினை இயக்கும் மின்னணுப் பாகம்) உள்ள என்ஜினின் முகவரி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வண்டியின் அடியில் ஒட்டுங்கள். முடிந்தால் தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் எண்ணான 3-க்கே மாற்றிக் கொடுத்துவிடலாம்; புதியவர் எண் தெரியாமல் தவிக்கமாட்டார். பேட்டரியும் ரேடியோ ரிசீவரும் வைத்ததாக இருந்தால் அதனோடு இணைத்த டிரான்ஸ்மிட்டரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். லித்தியம் பேட்டரியைப் பாதி அளவு சார்ஜில் வையுங்கள். தபாலிலோ கூரியரிலோ அனுப்பும் முன் அவர்களின் பேட்டரி விதியைக் கேட்டுவிடுங்கள். உப்பிப்போன பேட்டரியை எந்த வழியிலும் அனுப்பக் கூடாது.

நீராவி என்ஜினுக்குத் தனி ஒழுங்கு உண்டு. கொதிகலன் நீரையும், எண்ணெய்க் கிண்ணத்தில் தேங்கிய நீரையும் முழுக்க வடியுங்கள். குளிர்காலத்தில் கொட்டகையில் உறைந்தால் நீர்மட்டக் கண்ணாடியும் குழாயும் பிளந்துவிடும். கேஸ் டேங்கை வெட்டவெளியில், அருகில் நெருப்பில்லாமல் காலி செய்ய வேண்டும். பியூட்டேன் டப்பாக்களை நேரில் மட்டுமே கொடுங்கள். கொதிகலன் சோதனைச் சான்றிதழ் இருந்தால் என்ஜினோடு வைத்துவிடுங்கள். சங்கக் கூட்டங்களில் நீராவி ஏற்ற அதைக் கேட்பார்கள். சக்கரங்கள் மின்காப்பு உள்ளவையா என்றும் எழுதுங்கள். காப்பில்லாத நீராவி என்ஜினை மின்சாரம் ஓடும் பாதையில் வைத்தால் அந்த நொடியே ஷார்ட் ஆகும்.

குமிழ் பிளாஸ்டிக்கை நேரடியாகப் பெயின்ட் மேல் சுற்றாதீர்கள். மாதக்கணக்கில் கிடந்தால் குமிழின் வட்டங்கள் பதிந்துவிடும். முதலில் மெல்லிய டிஷ்யூ காகிதம், அதன் மேல் குமிழ்.

யாருக்கு எதை

அட்டைப்பெட்டியோடு உள்ள என்ஜின்களை விற்கலாம், தவறில்லை. விலை பார்க்க ஏல இணையதளங்களில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். வியாபாரி மொத்தமாக எடுத்தால் குறைவாகத்தான் தருவார்; அவருக்குக் கடை வாடகையும் காத்திருப்பும் உண்டு. அவசரம் இருந்தால் அது நியாயமான வழியே. அவசரமில்லாவிட்டால் ஜி ஸ்கேல் சொசைட்டி, 16 மி.மீ. குறுகிய கேஜ் சங்கம் போன்ற தோட்ட ரயில் ஆர்வலர் அமைப்புகளின் பகுதிக் குழுக்களிடம் முதலில் பேசுங்கள். தண்டவாளத்தைத் தூக்க ஆளும் அவர்களிடமே கிடைப்பார்கள், வேலைக்கு ஈடாகக் கொஞ்சம் பாதையைக் கொடுத்தால் இரு தரப்புக்கும் திருப்தி.

விற்பதற்கு முன் ஒரு புதியவருக்கான முழுத் தொகுதியை ஒதுக்கிவையுங்கள்: 12 ஆர்1 வளைவு, 6 நேர்த்துண்டு, ஒரு சின்னத் தொட்டி என்ஜின் (தண்ணீர்த் தொட்டியைத் தன் உடம்பிலேயே சுமக்கும் வகை), மூன்று வண்டி, கன்ட்ரோலர். நேர்த்துண்டு ஒவ்வொன்றும் 30 செ.மீ.; பக்கத்துக்கு மூன்றாகப் போட்டால் 1.2 மீட்டருக்கு 2.1 மீட்டர் அளவில் நீள்வட்டம் வரும், ஒரு சின்னப் புல்வெளியே போதும். பெரிய என்ஜின்கள் இந்த வளைவில் தடம்புரளும் என்று சொல்லிக் கொடுங்கள். வெளுத்த கட்டடங்கள், உடைந்த வண்டிகள், ஒற்றைச் சக்கரங்கள் எல்லாம் இலவசப் பெட்டியில் போகட்டும்.

உயிரோடு இருக்கும்போதே பிரிக்க மனமில்லாதவர்கள், மேலே சொன்ன பட்டியலையாவது எழுதி, எந்தக் குழுவைக் கேட்க வேண்டும் என்ற குறிப்போடு வீட்டில் உள்ளவர்களிடம் கொடுத்துவையுங்கள். அது இல்லாத வீடுகளில் அருமையான என்ஜின்களும் பழைய பொம்மை விலைக்குப் போய்விடுகின்றன.

மிச்சமாகும் தோட்டம்

பாதையைத் தாங்கிய பழைய, பச்சை நிறம் ஏறிய மரக்கட்டைகளை எரிக்காதீர்கள். 2004-க்கு முற்பட்ட பலவற்றில் ஆர்சனிக் கலந்த பாதுகாப்புப் பூச்சு இருக்கும், புகையும் சாம்பலும் நஞ்சு. ஊராட்சிக் குப்பைக் கிடங்கில் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குள்ளமான ஊசியிலை மரங்களை இலையுதிர் காலத்தில், வேர்மண் சிதறாமல் தோண்டிச் சாக்கில் சுற்றி எடுங்கள். அந்த அளவுக்குச் செதுக்கி வளர்க்க ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், தண்டவாளம் வாங்க வருகிறவர் இவற்றையும் ஆசையோடு எடுத்துப்போவார். நட்டதும் முதல் கோடை முழுக்க நீர் ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லி அனுப்புங்கள்.