திரும்பும்போது முன்னால் ‘டொக்’: ஆக்ஸிலை மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முன்னாலிருந்து ‘டொக்’ என்று சத்தம் வந்தால், ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில்: “ஆக்ஸில் போயிடுச்சு சார், மாத்திடலாம்.” இது கார்களைப் பார்த்துப் பழகிய பதில். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் எஞ்சினின் இழுவை எப்போதும் முன் ஆக்ஸில் வழியாகவே போகிறது. அங்கே சிவி ஜாயின்ட் (சக்கரம் ஒடிந்த நிலையிலும் இழுவையைக் கடத்தும் ஆக்ஸில் மூட்டு) தேய்ந்திருந்தால் வளைவில் பெரும்பாலும் சத்தம் போடும். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, பழைய ஜிப்ஸி போன்றவற்றின் கதை வேறு. டூ ஹையில், அதாவது சாதாரண ரோட்டுக்கான டூ வீல் டிரைவில், ஓடும்போது இழுவை முழுக்கப் பின்சக்கரங்களுக்குத்தான். முன் ஆக்ஸிலுக்குச் சுமையே இல்லை. அதனால் ஊருக்குள் டூ ஹையில் திரும்பும்போது வரும் சத்தத்துக்குச் சிவி ஜாயின்டை முதலில் சந்தேகிப்பது காசுக்குக் கேடு. சஸ்பென்ஷனையும் ஸ்டீயரிங் இணைப்புகளையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கிறது. தார் ரோட்டில் டூ ஹையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு “ஆக்ஸில் நல்லா இருக்கு” என்று சான்றிதழ் கொடுத்துவிடுவார்கள். சுமை இல்லாத ஜாயின்ட் தேய்ந்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும். அதைச் சோதிக்க மண் தரையோ மணலோ வேண்டும். ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் நன்றாக ஒடித்து, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து மெதுவாக வட்டமடியுங்கள். சக்கரம் சுழலும் வேகத்துக்கு ஏற்ப ‘டக் டக் டக்’ என்று தாளமாக வந்தால் வெளிப்பக்க சிவி ஜாயின்ட். ஒரே ஒரு ‘டொக்’ என்றால் பெரும்பாலும் அது இல்லை. ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, ரிம்மின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவும் ஒரு நிமிடம்தான் ஆகும். டஸ்டர் ஏடபிள்யூடி மாதிரி முன்சக்கரம் எப்போதும் இழுக்கும் வண்டிகளுக்குக் கார் கணக்கே பொருந்தும்.

அடுத்தது, கெட்டுப்போகாத வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவது. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். காய்ந்த தார் ரோட்டில் “கிரிப் கிடைக்கும்” என்று ஃபோர் ஹை போட்டு இறங்கினால் ஒவ்வொரு வளைவிலும் முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும், ‘டொம்’ என்று துள்ளும். காரணம் எளிது. திரும்பும்போது நான்கு சக்கரங்களும் நான்கு வேறு தூரம் ஓடுகின்றன. முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீல் போடும் பார்ட் டைம் அமைப்பில், இந்த வேக வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிடுகிறது. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. முறுக்கு ஏறிக்கொண்டே போய், டயர் ஒரு கணம் விடுபடும்போது வருவதுதான் அந்தச் சத்தம். லீவர் டூ ஹைக்கு வராமல் அடம்பிடித்தால் அதுவும் இதே முறுக்குதான். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விட்டுவிடும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங் வேண்டுமென்றால் டூ ஹையிலேயே கியரைக் குறைத்தால் போதும். தொடர்ந்து இப்படி ஓட்டினால் இல்லாத கோளாறு நிஜமாகவே வந்துவிடும்.

காசில்லாமல் பார்க்கக்கூடியவற்றை விட்டுவிட்டு நேராக சஸ்பென்ஷனைக் கழற்றுவதும் வழக்கமாகிவிட்டது. வீல் நட் லூஸா? பிரேக் தகட்டுக்குப் பின்னால் கல் சிக்கியிருக்கிறதா? பெரிய டயர் போட்டிருந்தால் ஃபுல் கட்டில் (ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்த நிலையில்) சேசிஸில் உரசுகிறதா? ஸ்டீயரிங் கடைசி வரை ஒடியும்போது நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பகுதி) போய் முட்டும் ஸ்டாப் போல்ட் ஒன்று உண்டு. அது காய்ந்து போயிருந்தால், ஃபுல் கட்டில் மட்டும் ‘கட்’டென்று ஒரு சத்தம் வரும். அந்த முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் பாருங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடி திரும்பும்போது சத்தம் காணாமல் போனால் பிரேக் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பர் பக்கம் போங்கள்.

சரி, இனி ஜாக்கி. அதிகம் ஏமாறுவது இங்கேதான். சேசிஸுக்கு அடியில் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை ஆட்டிப் பார்த்து, “ஆட்டமே இல்லை” என்பார்கள். இப்போதைய தாரிலும் ஸ்கார்பியோ என்னிலும் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம். ஸ்பிரிங்கின் பாரம் கீழ் ஆர்ம்மேல். சேசிஸைத் தூக்கினால் ஆர்ம் கீழே தொங்கி, ஸ்பிரிங்கின் அழுத்தத்தில், ஆர்ம்மையும் நக்கிளையும் இணைக்கும் பால் ஜாயின்ட் இறுகியே நிற்கக்கூடும். அப்போது ஆட்டம் வெளியே தெரியாது. ஜாக்கியைக் கீழ் ஆர்ம்முக்கு அடியில், பால் ஜாயின்டுக்கு முடிந்தவரை பக்கத்தில் கொடுத்து, டயர் தரையை விட்டு இரண்டு விரல் அளவு எழும்பினால் போதும். சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுக்காமல் கையை உள்ளே விடாதீர்கள். டயருக்கு அடியில் கடப்பாரையை நுழைத்து மெல்ல நெம்பும்போது ஆர்ம்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் பாருங்கள். அங்கே ‘சளக்’ என்று ஒரு அசைவு தெரிந்தால் பால் ஜாயின்ட் போய்விட்டது. சக்கரத்தின் மேல்பக்கத்தையும் கீழ்ப்பக்கத்தையும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்து, ஒருவர் பிரேக்கை மிதித்ததும் அது நின்றுவிட்டால் வீல் பேரிங். மிதித்தும் நிற்கவில்லை என்றால் மறுபடி பால் ஜாயின்ட்தான். அதை வைத்துக்கொண்டு “ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்” என்று ஓட்டக் கூடாது. ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ராடின் முனை மூட்டான டை ராடு எண்டுக்கு நேர்மாறு. அதைத் தூக்கிய நிலையில் பார்த்தால் பயன் குறைவு. டயர் தரையில் அழுந்தியிருக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிறிதாக ஆட்டட்டும். நீங்கள் ஒவ்வொரு ஜாயின்டின் மேலும் கை வைத்துப் பாருங்கள். காதைவிடக் கை நம்பகமானது. முன்பக்கம் முழு ஆக்ஸில் உள்ள ஜிம்னியில் இதே ஆட்டத்தில் ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் லேட்டரல் ராடின் புஷ்ஷைக் (ரப்பர் பொதியைக்) கவனிக்க வேண்டும். கண்ணெதிரே ராடு நகர்ந்து ‘டொக்’கென்று முட்டும். ஜிப்ஸி என்றால் லீஃப் ஸ்பிரிங்கின் ஷாக்கிள் புஷ், யூ போல்ட்.

வீட்டு வாசல் சரிவில் வண்டி சாய்வாக ஏறும்போது மட்டும் சத்தம் என்றால், வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க். இரண்டு பக்கமும் கழற்றி வைத்துவிட்டுத் தெருவில் மெதுவாக ஒரு சுற்று போங்கள். சத்தம் போய்விட்டால் ஆள் அகப்பட்டுவிட்டார். அப்புறம், முன்னால் கேட்பதெல்லாம் முன்னாலிருந்து வருவதல்ல. தாரின் சில வகைகளில் பின் ஆக்ஸிலில் தானாகப் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. ஒரு சக்கரம் வழுக்கும்போது அது ‘டம்’மென்று பூட்டுவது கோளாறே இல்லை. சேசிஸ் வழியாகச் சத்தம் எங்கேயோ போய் எங்கேயோ கேட்கும்.

பழுதைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகும் மாட்டும்போது கெடுப்பவர்கள் உண்டு. ஆர்ம் புஷ் போல்ட்டுகளை வண்டி தொங்கும்போதே முழு இறுக்கம் கொடுத்தால், தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் உட்கார்ந்து வண்டியின் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம். பால் ஜாயின்ட் நட்டின் பள்ளம், நட் கழலாமல் தடுக்கும் காட்டர் பின் ஓட்டைக்கு நேராக வராவிட்டால், கம்பெனி சொன்ன டார்க் (இறுக்க அளவு) வந்தபின் அடுத்த பள்ளம் வரை முன்னால் இறுக்க வேண்டும். பின்னால் தளர்த்தி நேர்செய்யக் கூடாது. டை ராடு எண்டோ பால் ஜாயின்டோ மாற்றியிருந்தால் அன்றைக்கே வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.